மல்டிபேண்ட் கம்ப்ரஸர்: எப்போது எடுக்கலாம், எப்போது தொடக் கூடாது

கேட்கப்பட்ட கேள்வி இது. வீட்டு ஸ்டுடியோவில் பாட்டு மிக்ஸ் செய்யும் ஒருவர், முழுப் பாட்டும் கடந்துபோகும் மாஸ்டர் ட்ராக்கில் மல்டிபேண்ட் கம்ப்ரஸரைப் போட்டு, யாரோ தயாராக அமைத்து வைத்த ஒரு பிரீசெட்டைத் தட்டியதும் பாட்டு பளிச்சென்று எழும்புகிறது. மறுநாள் காரில் போட்டுக் கேட்டால் அதே பாட்டு சப்பென்று இருக்கிறது. பல்லவியின் வீச்சு போய்விட்டது. குரல் ஒரு வரியில் முன்னால் நிற்கிறது, அடுத்த வரியில் மெலிந்துவிடுகிறது. அப்படியானால் இதை, தனித்தனி ட்ராக்குகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் எப்போது எடுக்க வேண்டும், கலந்த பாட்டுக்கு இறுதி வடிவம் கொடுக்கும் மாஸ்டரிங்கில் எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். குறை ஒலியின் ஒரு பகுதியில் மட்டும் இருக்க வேண்டும். அதுவும் சில நேரம் மட்டும் தலைகாட்ட வேண்டும். அது பிறந்த இடத்துக்கே போய்ச் சரிசெய்ய வழி இல்லாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மல்டிபேண்டை எடுங்கள். ஒன்று குறைந்தாலும் அதைவிட எளிய கருவி ஒன்று ஏற்கெனவே உங்களிடம் இருக்கும்.

சாதாரண கம்ப்ரஸர் முழு ஒலியையும் ஒரே பிடியாகப் பிடிக்கிறது. ஒலி ஒரு மட்டத்தை (இதுதான் த்ரெஷோல்ட்) தாண்டினால் எல்லாவற்றையும் சேர்த்து இறக்கும். தாண்ட வைத்தது யார் என்று பார்க்காது. பெரும்பாலும் தாண்ட வைப்பது கிக் டிரம், பேஸ் கிட்டார், தவில், மிருதங்கத்தின் தொப்பி (கீழ் ஒலி தரும் இடப்பக்கம்) போன்றவைதான். பாட்டின் ஆற்றலில் பெரும்பங்கு அந்தக் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதனால் கிக் விழும்போதெல்லாம் குரலும் வயலினும் ஒரு கணம் பதுங்கி எழும். இதைத்தான் பம்பிங் என்கிறோம். மல்டிபேண்ட் என்ன செய்கிறது என்றால், ஒலியை கிராஸ்ஓவர் ஃபில்டர்களால் மூன்று, நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி கம்ப்ரஸர் வைத்து, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறது. கிக் விழுந்தால் கீழ்ப் பட்டை மட்டும் இறங்கும். குரல் இருக்கும் பட்டை அசையாது.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இந்தக் கருவி எங்கே வேரூன்றியது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவில் மைக் டாரோ உருவாக்கிய மூன்று பட்டைக் கருவி வானொலி நிலையங்களுக்கானது. ஒரு நிலையம் பத்து வருடத்துக்கு முந்தைய பாட்டையும் போன வாரம் வந்த பாட்டையும் விளம்பரத்தையும் அறிவிப்பாளர் பேச்சையும் அடுத்தடுத்து ஒலிபரப்பும். ஒவ்வொன்றுக்கும் ஆள் உட்கார்ந்து ஃபேடரை நகர்த்த முடியாது. எது வந்தாலும் கீழ், நடு, மேல் மூன்றையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்து வெளியே தள்ளும் இயந்திரம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1990களின் நடுவில் டி.சி. எலக்ட்ரானிக் நிறுவனத்தின் 'ஃபைனலைசர்' போன்ற டிஜிட்டல் பெட்டிகள் இதைச் சிறிய ஸ்டுடியோக்களுக்குக் கொண்டுவந்தன. பிறகு பிளக்-இன்கள் வந்து எல்லோர் கணினியிலும் குடியேறிவிட்டது.

ஆக, எல்லாப் பட்டைகளும் விழித்திருக்கும் ஒரு பிரீசெட்டை மாஸ்டரில் போட்டால், உங்கள் பாட்டை முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய பாட்டைப் போல அது நடத்துகிறது. பல்லவியில் பேஸ் பெருகி வர வேண்டும் என்று நீங்கள் நினைத்து வைத்தீர்கள். அதுவோ பெருகியதைத் தட்டி மட்டமாக்குகிறது. சரணத்தில் சிம்பல் அடங்கியிருக்க வேண்டும் என்று வைத்தீர்கள்; அந்த இடத்தில் மேல் பட்டை விடுபட்டு, இறக்கியதை ஈடுகட்டச் சத்தத்தைக் கூட்டும் மேக்கப் கெயின் அதை மேலே தூக்குகிறது. காரில் கேட்டபோது பல்லவிக்கும் சரணத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

சரி, எப்போது எடுப்பது? ஒரு குறை காதில் பட்டதும் நான் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வேன். இது எப்போதும் இருக்கிறதா, சில நேரம் மட்டுமா? ஒலி முழுவதிலும் இருக்கிறதா, ஒரு பகுதியில் மட்டுமா? எப்போதும், முழுவதிலும் என்றால் ஃபேடரை நகர்த்தினால் போதும். எப்போதும், ஆனால் ஒரு பகுதியில் என்றால் அது, ஒலியின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்யூவின் வேலை. சில நேரம், ஆனால் முழு ஒலியும் எகிறுகிறது என்றால் சாதாரண கம்ப்ரஸர், அல்லது அந்த இடங்களில் மட்டும் வால்யூம் ஆட்டோமேஷன், அதாவது நீங்கள் குறித்த இடத்தில் ஃபேடரைக் கணினியே நகர்த்துவது. சில நேரம், ஒரு பகுதியில் மட்டும் என்றால்தான் மல்டிபேண்ட், டைனமிக் ஈக்யூ, டி-எஸ்ஸர் ஆகிய மூன்றும் பேச்சுக்கே வருகின்றன. டி-எஸ்ஸரும் இந்தக் குடும்பம்தான். பல டி-எஸ்ஸர்கள் 5000 முதல் 9000 ஹெர்ட்ஸ் வரையுள்ள 'ஸ' ஒலியை மட்டும் பிடித்து இறக்கும் ஒற்றைப் பட்டை கம்ப்ரஸர்களே. அதைத் தயங்காமல் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மல்டிபேண்டின் சரியான பயன்பாடு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மிக்ஸிங்கில் நான் இதை அதிகம் எடுப்பது குரலுக்கு. ஒரு பாடகி, முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கில் பாடுகிறார் என்று வையுங்கள். மெல்லிய வரிகளில் உணர்ச்சியோடு மைக்கை நெருங்கி வருவார். உச்சத்தில் எட்டிப் போவார். இதெல்லாம் நல்ல பாடகர்கள் தானாகவே செய்வது. ஆனால் அந்த வகை மைக்கில் வாய் நெருங்க நெருங்க 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி ஊதிக்கொண்டே போகும். ஒரு சாண் தூரத்தில் சரியாக இருந்த குரல் இரண்டு விரற்கடைக்கு வந்ததும் குடத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும். ஈக்யூவில் 180 ஹெர்ட்ஸை வெட்டினால் அந்தச் சொற்கள் சரியாகும். எட்டி நின்று பாடிய வரிகள் எலும்பும் தோலுமாகிவிடும். இது ஒரு பகுதியில், சில நேரம் மட்டும் வரும் குறை. பாடகி ஊருக்குப் போய்விட்டார், மறுபடி பாட வைக்க வழி இல்லை. மூன்றும் பொருந்துகிறது.

இங்கே நான் ஒரே ஒரு பட்டையைத்தான் திறப்பேன். மேல் எல்லை 220 ஹெர்ட்ஸ் சுற்றி, ரேஷியோ (எவ்வளவு இறுக்கம்) 2.5 அல்லது 3, அட்டாக் (பிடிக்க எடுக்கும் நேரம்) 10 மில்லி விநாடி, ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 120 மில்லி விநாடி. மற்றப் பட்டைகளில் எந்த கம்ப்ரஷனும் இருக்காது. அப்புறம் பாட்டை ஓடவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். மைக்கை நெருங்கிய சொற்களில் 3, 4 டெசிபல் இறங்க வேண்டும். மற்ற வரிகளில் மீட்டர் துளியும் அசையக் கூடாது. எல்லா வரியிலும் அசைகிறது என்றால் நீங்கள் குறையைப் பிடிக்கவில்லை, குரலையே பிடித்துவிட்டீர்கள், த்ரெஷோல்டை ஏற்றுங்கள். பாட்டு முழுக்க மூன்றே இடத்தில்தான் இந்தத் தொல்லை என்றால் மல்டிபேண்ட்கூட வேண்டாம், ஈக்யூவின் ஒரு பேண்டை அந்த மூன்று இடத்தில் மட்டும் ஆட்டோமேஷனில் இறக்கினால் போதும். ஐந்து நிமிட வேலை. குரலின் மற்றப் பகுதியில் எதுவும் படாது.

பேஸ் கிட்டாரிலும் இதே கதைதான். நான்கு தந்தி பேஸில் விரலால் அழுத்தாமல் மீட்டும் தந்திகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கருவியின் உடலும் அறையும் சேர்ந்து ஏதோ ஒரு ஸ்வரத்தை மட்டும் ஊதிவிடும். சாதாரண கம்ப்ரஸரால் அதை அமுக்கினால் விரல் தந்தியில் படும் அந்த இனிய உரசல் ஒலியும் சேர்ந்து அமுங்கும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் இறுக்கிப் பிடித்தால் அடித்தளம் நிலையாக நிற்கும், விரல் பேசுவது மேலே கேட்கும். டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரில் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும்போது 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை குபீரென்று வீங்குமே, அதற்கும் இது பொருத்தம். தந்தியைத் திறந்து வாசிக்கும் கார்டுகளில் அந்த வீக்கம் இருக்காது என்பதால் ஈக்யூ அங்கே உதவாது.

ஆனால் மிக்ஸிங்கில் ஒன்றை மறக்கக் கூடாது. ஒவ்வொரு ட்ராக்கும் தனித்தனியாக உங்கள் கையில் இருக்கிறது. மல்டிபேண்டின் பெரிய வாக்குறுதியே ஒன்றாகக் கலந்து கிடப்பவற்றைத் தனித்தனியாகப் பிடிப்பது. கலக்காமலே இருப்பவற்றுக்கு அது எதற்கு? கிக் குரலை அமுக்குகிறது என்றால் கிக் ட்ராக்கைச் சரிசெய்யுங்கள். எல்லா ட்ராக்கும் சேரும் மிக்ஸ் பஸ்ஸில் போட்ட கம்ப்ரஸர் கிக்கைக் கண்டு மிரளுகிறது என்றால் பெரும்பாலான கம்ப்ரஸர்களில் சைட்செயின் ஹைபாஸ் ஃபில்டர் என்று ஒன்று இருக்கும், அதை 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். கம்ப்ரஸர் கீழ் ஒலியைப் பார்த்து முடிவெடுக்காது. ஆனால் ஒலி துண்டாகவும் செய்யாது. மல்டிபேண்ட் வேண்டும் என்று என்னிடம் வந்த மிக்ஸ்களில் பலவற்றுக்கு இந்த ஒரே ஃபில்டர் போதுமாக இருந்தது.

வேறு வழியே இல்லாத இடம் எது என்று காட்ட ஒரு பதிவைச் சொல்கிறேன். ஒரு கச்சேரி. சபாவின் மிக்ஸரிலிருந்து நேராக இரண்டு ட்ராக்கில் எடுத்தது. பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா எல்லாம் ஒன்றாகக் கலந்த ஃபைல். பாடகர் ஒரு கட்டை சுருதி, அதாவது அவருடைய மத்திய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். ஆலாபனை முடியும்வரை பதிவு கண்ணாடி மாதிரி இருந்தது. கிருதி தொடங்கி மிருதங்கம் சேர்ந்ததும் தொப்பியின் ஒலி அரங்கம் முழுக்க உருண்டது. மிருதங்கக்காரர் மேல் எந்தப் பிழையும் இல்லை. அவருடைய மைக்கைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

முதலில் சாதாரண கம்ப்ரஸர் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தொப்பி அடிக்கும் தம்புரா மூச்சு வாங்கியது. பம்பிங்கைக் கண்டுபிடிக்கத் தம்புராவைவிட நல்ல சாட்சி கிடையாது. அது விடாமல் ஒரே அளவில் ஒலிக்க வேண்டிய நாதம், அதில் அரை டெசிபல் ஏறி இறங்கினாலும் காது உடனே பிடித்துவிடும். அப்புறம் ஈக்யூ. 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதும் மிருதங்கம் தகர டப்பா ஆனது. கடைசியில்தான் மல்டிபேண்டை எடுத்தேன். கிராஸ்ஓவரை 110 ஹெர்ட்ஸில் வைத்து, கீழ்ப் பட்டையை மட்டும் திறந்தேன். நன்றாக இருந்தது, பாடகர் மந்திர ஸ்தாயிக்கு இறங்கும்வரை. ஒரு கட்டைக்கு மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். அங்கே அவர் கார்வை கொடுத்து நின்றபோது அவருடைய குரலின் அடிநாதம் தொப்பி இருந்த அதே பட்டைக்குள் விழுந்துவிட்டது. தொப்பி விழுந்தபோதெல்லாம் குரலின் நெஞ்சு ஒலி காணாமல் போய்த் திரும்பி வந்தது. கேட்கவே பதறியது.

உற்றுக் கேட்டபோது தொப்பியின் வீக்கம் 65 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் அடங்குவது தெரிந்தது. கிராஸ்ஓவரை 85க்கு இறக்கினேன். ரேஷியோ 2, அட்டாக் 30 மில்லி விநாடி, ரிலீஸ் 200. அட்டாக்கை மெதுவாக வைத்ததால் கை தோலில் படும் அந்த முதல் அடி முழுசாக வந்தது. அதற்குப் பின்னால் உருளும் முழக்கம் மட்டும் அதிகபட்சம் 4 டெசிபல் அடங்கியது. மந்திர பஞ்சமம் தொடப்படவில்லை. தனி ஆவர்த்தனம் வந்ததும் த்ரெஷோல்டை ஆட்டோமேஷனில் மேலே ஏற்றி கம்ப்ரஷனை முழுக்க நிறுத்திவிட்டேன். அங்கே கேட்க வேண்டியதே மிருதங்கம்தான். கும்கியின் ஒவ்வொரு இழைவும் முழுதாக வர வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் தொப்பியை அடக்குவது அந்த வித்துவானுக்குச் செய்யும் அநியாயம். கருவியையே விலக்கும் பைபாஸ் பொத்தானைத் தட்டாமல் த்ரெஷோல்டை ஏற்றியதற்கும் ஒரு காரணம் உண்டு.

ஒலியை வெட்டி ஒட்டுவது இலவசமாக நடப்பதில்லை. நிறைய மல்டிபேண்டுகளில் இருப்பது லிங்க்விட்ஸ்-ரைலி வகை கிராஸ்ஓவர், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு. எந்தப் பட்டையும் கம்ப்ரஸ் ஆகாமல் சும்மா இருந்தால்கூட, கூட்டிய பிறகு அளவுகள் சமமாக இருக்குமே தவிர ஃபேஸ், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் நிற்கும் நிலை, திரும்பியிருக்கும். கிராஸ்ஓவர் புள்ளியில் சரியாக 180 டிகிரி. பாட்டின் நடுவே பைபாஸ் செய்தால் ஃபேஸ் சட்டென்று மாறி ஒரு 'டிக்' கேட்கலாம், கீழ் ஒலியின் உருவமும் குதிக்கும். கச்சேரிப் பதிவில் நான் தவிர்த்தது இதைத்தான்.

இதே காரணத்தால் இன்னொரு பொறியும் இருக்கிறது. பேரலல் கம்ப்ரஷன் செய்கிறேன் என்று இத்தகைய மல்டிபேண்டைத் தனி பஸ்ஸில் போட்டு அசல் ஒலியோடு சரிபாதி கலந்தால், கிராஸ்ஓவர் புள்ளியில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த இடத்தில் பாட்டில் ஒரு பள்ளம் விழும். பலர் 'மெல்லிசாகிவிட்டது' என்று சொல்லிக் குழம்புவது இந்தப் பள்ளத்தால்தான். பிளக்-இன்னுக்குள்ளேயே மிக்ஸ் பொத்தான் இருந்து, அது அசல் ஒலியின் ஃபேஸையும் சேர்த்துத் திருப்பிக் கலப்பதாக இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் கலக்காதீர்கள். ஃபேஸைத் திருப்பாத லீனியர் ஃபேஸ் முறையில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் கூர்மையான அடிக்கு முன்னாலேயே ஒரு மெல்லிய நிழல் ஒலி வந்துவிடும், கீழ்ப் பட்டையில் கிராஸ்ஓவர் வைத்தால் அது கிக்கின் முனையை மழுக்கும். தாமதமும் கூடும். ஃபேப்ஃபில்டர் ப்ரோ-எம்பி போன்ற சிலவற்றில் கம்ப்ரஷன் நடக்கும்போது மட்டும் ஃபேஸ் அசையும் முறை இருக்கிறது. மாஸ்டரிங்குக்கு நான் அந்த வழியைத்தான் விரும்புகிறேன்.

கிராஸ்ஓவரை எங்கே வைப்பது என்பதற்குப் பொது எண் எதுவும் கிடையாது. பிரீசெட்டில் இருக்கும் 120, 2000, 6000 எல்லாம் யாரோ ஒருவருடைய பாட்டுக்கான எண்கள். முக்கியமான கருவி எதுவோ அதன் நடுவில் வெட்டு விழக் கூடாது, அது ஒன்றுதான் விதி. குரல்தான் பாட்டின் உயிர் என்றால் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை முடிந்தவரை ஒரே பட்டையாக இருக்கட்டும். நடுவில் 1000 ஹெர்ட்ஸில் வெட்டினால் ஒரே சொல்லின் உயிரெழுத்து ஒரு கம்ப்ரஸருக்கும் அதன் பளபளப்பு இன்னொரு கம்ப்ரஸருக்கும் போகும். 'ஆ' பாடும்போது ஒரு நிறம், 'ஈ' பாடும்போது வேறு நிறம். முதலில் சொன்னேனே, குரல் வரிக்கு வரி மாறுகிறது என்று, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அட்டாக், ரிலீஸ் விஷயத்தில் கீழ்ப் பட்டைக்குத் தனிக் கவனம் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை முடிய 20 மில்லி விநாடி ஆகும். அட்டாக்கும் ரிலீஸும் அதைவிட மிக வேகமாக இருந்தால் கம்ப்ரஸர் இசையின் ஏற்ற இறக்கத்தைத் தொடராது, ஒவ்வொரு அலையின் வளைவையே பிடித்து நசுக்கும். விளைவு, கரகரப்பு. சின்ன ஸ்பீக்கரில் இது தெரியாது. நல்ல ஹெட்ஃபோனில் பேஸ் ஸ்வரம் நீளும் இடத்தில் கேட்டால் தெரியும். அதனால் கீழே 30 மில்லி விநாடி அட்டாக், 150க்கு மேல் ரிலீஸ் என்று தொடங்குவேன். மேலே போகப் போக வேகத்தைக் கூட்டலாம். அமைக்கும்போது எனக்குக் கைவந்த முறை: த்ரெஷோல்டை வேண்டுமென்றே மிகக் கீழே இறக்கி, பட்டை துள்ளுவது நன்றாகக் காதில் விழும்படி செய்துகொண்டு, அந்தத் துள்ளல் தாளத்தோடு ஒட்டும்வரை அட்டாக்கையும் ரிலீஸையும் திருகுவது. ஒட்டியதும் த்ரெஷோல்டை மெதுவாக ஏற்றி, வேலை நடப்பது தெரியாமல் நடக்கும் இடத்தில் நிறுத்துவது.

மாஸ்டரிங்குக்கு வருவோம். அந்தக் கச்சேரிப் பதிவைப் போலவே இங்கும் உங்கள் கையில் இருப்பது ஒரே ஸ்டீரியோ ஃபைல். தேவை நியாயமாக எழுவது இங்கேதான்; ஆபத்து அதிகம் இருப்பதும் இங்கேதான். எந்தப் பட்டையைத் தொட்டாலும் அதில் ஐந்தாறு கருவிகள் இருக்கும். மிக்ஸ் செய்தவர் தொலைபேசியில் கிடைக்கிறார், ப்ராஜெக்ட் ஃபைல் அவரிடம் இருக்கிறது என்றால் முதல் வேலை அவரைக் கூப்பிடுவது. "இரண்டாவது சரணத்தில் கிக் 60 ஹெர்ட்ஸில் உப்பி நிற்கிறது, ஒன்றரை டெசிபல் இறக்கி அனுப்ப முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் அன்று இரவே அனுப்பிவிடுவார்கள். நீங்களே மிக்ஸ் செய்த பாட்டு என்றால் கேட்கக்கூட வேண்டாம். உங்கள் மிக்ஸையே திறக்கலாம் என்றிருக்கும்போது மாஸ்டரில் மல்டிபேண்ட் எதற்கு? என் கணிப்பில், சொந்த மிக்ஸை மாஸ்டர் செய்பவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

திறக்க முடியாத மிக்ஸ்களும் உண்டு. பழைய பதிவு, மல்டிட்ராக் தொலைந்துபோனது, நேரடிக் கச்சேரி. அப்போதும் ஒரு பட்டை, அதிகம் போனால் இரண்டு. ரேஷியோ 1.5 முதல் 2, இறக்கம் 1 முதல் 2 டெசிபல். கச்சேரியில் 4 டெசிபல் இறக்கினேன் என்றால், அந்தக் கீழ்ப் பட்டைக்குள் தொப்பியைத் தவிர அநேகமாக வேறு எதுவும் இல்லை என்பதால். நடு ஒலியையும் பக்கவாட்டு ஒலியையும் தனித்தனியாகப் பிடிக்கும் மிட்-சைட் வசதி இருந்தால் இன்னும் துல்லியமாகப் போகலாம். சிம்பல் இரு பக்கமும் சீறுகிறது, குரல் நடுவில் சரியாக இருக்கிறது என்றால் சைடில் மட்டும் மேல் பட்டையைப் பிடிக்கலாம், குரலின் காற்று அப்படியே இருக்கும்.

சத்தத்தைக் கூட்டத்தான் மல்டிபேண்ட் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. ஒவ்வொரு பட்டையையும் தனியாக நசுக்கினால் மொத்தச் சத்தம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாட்டுகளை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அளவு) சுற்றி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. நீங்கள் நசுக்கி ஏற்றிய 4 டெசிபலை அவர்கள் இறக்கிவிடுவார்கள். நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

டைனமிக் ஈக்யூவா மல்டிபேண்டா என்று அடிக்கடி கேட்கிறார்கள். டைனமிக் ஈக்யூவில் ஒலி துண்டாகாது. ஒரு ஈக்யூ வளைவு ஒலிக்கேற்ப ஏறி இறங்கும், அவ்வளவே. குறை குறுகலாக இருந்தால் அதுதான் நல்லது. பாடகர் தார ஸ்தாயியில் உரக்கப் பாடும்போது மட்டும் 3000 ஹெர்ட்ஸில் குத்துவது, நாகஸ்வரத்தின் ஒரு ஸ்வரம் மட்டும் காதைக் கீறுவது, அறையின் ஒரு அதிர்வெண் மட்டும் முழங்குவது எல்லாம் அதன் வேலை. குறை அகலமாக, அதாவது '100க்குக் கீழே எல்லாமே', '6000க்கு மேலே எல்லாமே' என்று சொல்லும்படி இருந்தால் மல்டிபேண்ட். சந்தேகமாக இருந்தால் டைனமிக் ஈக்யூவில் தொடங்குங்கள், தவறினாலும் சேதம் குறைவு.

குறை தீர்ப்பதற்காக இல்லாமல், ஒரு நிறத்துக்காகவே மல்டிபேண்டைப் போடுவதும் உண்டு. ஏபிள்டன் மென்பொருளின் மல்டிபேண்ட் டைனமிக்ஸில் வரும் 'ஓ.டி.டி.' பிரீசெட் மூன்று பட்டையிலும் உரத்ததை இறக்கி, மெல்லியதை ஏற்றி, சிந்த் ஒலியைப் பளபளவென்று முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். மின்னணு நடன இசையில் அந்த ஒலி ஒரு மொழியாகவே ஆகிவிட்டது. ஒரு சிந்த் ட்ராக்கில் 20, 30 சதவீதம் கலந்தால் அழகு. முழுப் பாட்டின் மேலும் போடுவது வேறு விஷயம். அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்தப் பாட்டு. பிரீசெட்டை எடுத்துவிடுங்கள். மாஸ்டரில், ஒலி உச்ச எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் மட்டும் இருக்கட்டும். அறையில் மெதுவாகப் பேசும் அளவுக்கு வால்யூமைக் குறைத்து ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். எது துருத்துகிறதோ அதன் நிமிடத்தையும் விநாடியையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்குப் போய் எந்த ட்ராக் என்று பார்த்து, அந்த ட்ராக்கிலேயே மேலே சொன்ன இரண்டு கேள்வியைக் கேளுங்கள். மல்டிபேண்ட்தான் பதில் என்று வந்தால் ஒரே பட்டையைத் திறந்து அமையுங்கள். பட்டையை சோலோ செய்து, அதாவது அதை மட்டும் தனியாகக் கேட்பது இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும். போதுமா, அதிகமா என்ற முடிவை முழுப் பாட்டும் ஓடும்போதே எடுக்க வேண்டும்.

கடைசியாக, பிளக்-இன் உள்ளபோதும் இல்லாதபோதும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி அவுட்புட் கெயினைச் சரிசெய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பைபாஸைத் தட்டித் தட்டிக் கேளுங்கள். பிரீசெட் போட்டதும் பளிச்சென்று கேட்டதில் பெரும்பகுதி 2 டெசிபல் கூடுதல் சத்தம்தான் என்பது அப்போது தெரிந்துவிடும். சத்தத்தைச் சமமாக்கிய பிறகும் பிளக்-இன் உள்ள பக்கமே நன்றாக இருந்தால், அதுவும் நீங்கள் குறித்து வைத்த அந்த விநாடிகளில் நன்றாக இருந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த குறிப்புக்குப் போங்கள்.